தலைகளின் பிரட்டு

மாத்தளை டவுனில், ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் கூடுகிற ‘ஒழுங்கின் ஆலயம்’ சபையில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரும் செருப்பைத் தேடக் கூடாது. அதற்குப் பிறகுதான் பிரட்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதானால், விடிந்ததும் தொழிலாளர்கள் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை பேர் பதிந்து வேலைக்கு அனுப்புவதுதான் பிரட்டு. சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். தலைமுறை தலைமுறையாக மலைநாட்டில் மனிதர்களை அளந்து வந்த இந்த முறையைக் கடவுளின் சந்நிதிக்குக் கொண்டுவந்தவர் மூப்பர் நல்லையா. முப்பத்தொரு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துவரவில்லை.

சபைப் பிரட்டில் நிற்பவர்கள் கணவன்மார். அங்கே பதிவது கொழுந்தை அல்ல, கட்டளைகளை. புருஷனே மனைவிக்குத் தலை என்பது போதனை. தலை ஒன்று இருக்கிறதென்றால் அது ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமல்லவா? என்ன சொன்னது, எத்தனை தடவை சொன்னது, உடம்பு கேட்டதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஏழு கட்டளை இட்டவனுக்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அரைப் பேர்க்காரர்கள் அடுத்த ஞாயிறு பெண்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். அது ஏன் தண்டனை ஆனது என்று பெண்களுக்கு யாரும் விளக்கவில்லை.

இந்திரகுமாருக்கு இந்த ஏற்பாடு சரிப்பட்டு வராது என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருப்பவன். தம்புள்ளை ரோட்டில் உள்ள ஒரு ஸ்பைஸ் கார்டனில் அவனுக்கு வேலை. வருகிற வெள்ளைக்காரர்களுக்கு மிளகுக் கொடியையும் ஏலச் செடியையும் காட்டி, மேனேஜர் எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்க வேண்டும். பிறர் எழுதிக் கொடுத்ததைச் சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. சொந்தமாக ஏதாவது சொல்லச் சொன்னால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“எத்தன கட்டளை?” என்றார் நல்லையா, பேனாவைத் திறந்தபடி.

“ஒன்னும் இல்லீங்க ஐயா.”

“ஒரு வாரமா ஒன்னுமேவா? தேத்தண்ணி கேட்டிருப்பீங்களே.”

“கேக்கிறதுக்கு முந்தியே குடுத்துருவா ஐயா.”

“உடுப்பத் தோய்க்கச் சொல்லல?”

“அத நான்தாங்க தோய்ப்பேன்.”

நல்லையா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சீக்குப் பிடித்த செடியைப் பார்க்கிற பார்வை அது. பிறகு அரைப் பேர் போட்டார்.

அப்படியானால் சபையை விட்டுப் போய்விட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். அது அவ்வளவு சுலபமில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு இந்திரகுமார் குடித்துக் குடித்து ரத்தமாக வாந்தி எடுத்தவன். அப்போது சொந்தக்காரர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பாஸ்டர் விஜேந்திரன் வந்தார். மூன்று நாள் லயத்து அறையில் அவன் பக்கத்திலேயே பாயில் கிடந்து, அவன் நடுங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு, அவன் வாந்தியைத் தன் கையால் அள்ளினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் மனைவி அனுஷியா அன்றைக்குத்தான் முட்டி போட்டு அழுதாள், அன்றைக்குத்தான் அந்தச் சபைக்கு அவர்கள் சொந்தமானார்கள். இப்படிப்பட்ட நன்றிக்கடனைச் சுமப்பவர்களை எதையும் செய்யச் சொல்லலாம். பாஸ்டருக்கும் அது தெரியும்.

பாஸ்டரின் குரல் மிக மென்மையானது. அவர் எதைச் சொன்னாலும் ஆறுதல் சொல்வது போலவே கேட்கும். முதல் பிரட்டு முடிந்ததும் இந்திரகுமாரின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார்.

“பிரதர், உங்கள ஒன்னும் குத்தம் சொல்லல. ஆனா ஒன்னு யோசிச்சுப் பாருங்க. தலை இல்லாத ஒடம்பு எங்க போகும்? பழைய எடத்துக்குத்தான் போகும். ஒழுங்கு போனா போத்தல் வரும்.”

பஸ்ஸில் வரும்போது இந்திரகுமார் மனைவியிடம் சொன்னான். ‘ஒழுங்கு போனா போத்தல் வரும்’ என்பதை அப்படியே ஒப்பித்தான்.

அனுஷியா ஆடைத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவள். தோட்டத்து மரணாதார சங்கத்தின் செயலாளரும் அவள்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம் எங்கே போடுவது, பெட்டி எப்போது வரும், எத்தனை பேருக்குத் தேத்தண்ணி என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் நடக்கும். ஆண்கள் நாலு பேர் கூடி ஒரு மணிநேரம் பேசியும் முடியாத காரியத்தை, கொண்டையை முடிந்துகொண்டே முடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கட்டளைப் பஞ்சம் ஒரு பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை.

“ஏழுதானே? நான் எழுதித் தாறேன், பாடமாக்கிக்கோங்க.”

சபை ஒவ்வொரு மனைவிக்கும் ஒரு கீழ்ப்படிதல் கொப்பி கொடுத்திருந்தது. புருஷன் இட்ட கட்டளையை மனைவி எழுத வேண்டும், புருஷன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் அனுஷியா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“திங்கக்கெழம, பருப்பு கடையச் சொன்னீங்க. செவ்வாய், மக தர்ஷிகாவ டியூசனுக்கு அனுப்பச் சொன்னீங்க. புதன், என் தங்கச்சிக்குப் போன் எடுத்துப் பேசச் சொன்னீங்க.”

“அத நான் ஏன் சொல்றேன்?”

“எனக்குப் பேசணும்ல.”

மறு ஞாயிறு இந்திரகுமார் ஏலக்காய் வசனம் போலவே ஏழையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தான். முழுப் பேர். அதற்கு அடுத்த வாரமும் முழுப் பேர். இரண்டு மாதத்துக்குள் கட்டளைகளின் தரம் சபையில் பேச்சாகிவிட்டது. மற்ற கணவன்மார் ‘சோறு போடு’, ‘வாயை மூடு’ என்ற இரண்டையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்திரகுமார் மட்டும் ‘மழைக்கு முந்தி கூரைத் தகரத்துக்குத் தார் பூச ஆள் பார்’, ‘மகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள பிழையைப் பிரதேச செயலகத்தில் திருத்து’ என்றெல்லாம் ஆணையிட்டு வந்தான்.

“என் சர்வீசுல இப்படி ஒரு தலைய பாத்ததில்ல” என்றார் நல்லையா.

ஆறாம் மாதம் அவனைக் கங்காணி ஆக்கினார்கள். ஐந்து குடும்பத் தலைகளுக்கு மேலே அவன் ஒரு தலை. கழுத்தில் மாட்ட ஒரு அட்டையும் கொடுத்தார்கள். பாஸ்டர் அவனைப் பலிபீடத்துக்கு முன்னால் நிறுத்தி, சபைக்கு ஒழுங்கை விளக்கினார்.

“ஒடம்புக்கு மேல தலை. தலைக்கு மேல கங்காணி. கங்காணிக்கு மேல மூப்பர். மூப்பருக்கு மேல நான். எனக்கு மேல நேரா கர்த்தர். நடுவுல யாரும் இல்ல, ஸ்தோத்திரம். பாருங்க, எவ்வளவு லேசா இருக்கு. ஒவ்வொருத்தரும் மேல இருக்கிறவர மட்டும் பாத்தாப் போதும். கீழ இருக்கிறவங்களப் பாக்கவே தேவையில்ல.”

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். அது ஒரு சம்பிரதாயம், யாரும் கேட்பதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அனுஷியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“பாஸ்டர், புருஷன் பொண்டாட்டிக்காகத் தன் உசிரையே குடுக்கணும்னு பைபிள்ல அதே பக்கத்துல கீழ இருக்கே. அத எப்ப பதியப் போறீங்க?”

பாஸ்டர் கோபப்படவில்லை. புன்னகைத்தார்.

“இருக்கு சிஸ்டர், நல்ல வசனம். அது ரெண்டாம் வருசப் பாடம். மொத வருசத்தயே இன்னும் ஒருத்தரும் பாஸ் பண்ணல.”

அடுத்த வாரம் இந்திரகுமாருக்கு ஒரு கடிதம் வந்தது. கங்காணியின் மனைவி ஒரு சங்கத்தில் ஆண்களுக்கு வேலை சொல்லும் இடத்தில் இருப்பது ஒழுங்குக்குப் பொருந்தாது. அவர் விலகும்படி தலை கட்டளையிடுவாராக. அனுஷியா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு கொப்பியை எடுத்து, ‘மரணாதார சங்கத்தை விட்டு விலகச் சொன்னார்’ என்று எழுதி அவனிடம் நீட்டினாள். அவளாக யோசிக்காமல் கொப்பியில் ஏறிய முதல் கட்டளை அதுதான். அவளுக்கு அது வலித்தது. அவன் அதைக் கண்டான், கையெழுத்தும் போட்டான்.

அதன் பிறகு சபையின் போக்கு ஒரு மாதிரியாகத் திரும்பியது. ராசையா என்ற தலை, தான் பேசும்வரை மனைவி பேசக் கூடாது என்று கட்டளையிட்டு, அதற்கு விசேஷப் பாராட்டும் வாங்கியிருந்தார். ஒரு பகல் அவர் தூங்கிக்கொண்டிருக்க, அடுப்பிலிருந்து நெருப்பு பறந்து கூரை மரத்தில் பிடித்தது. அவர் மனைவி துஷாரா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எழுப்பவில்லை. அவர் கண்ணைத் திறந்து ‘என்ன புகை’ என்று கேட்ட பிறகுதான் ‘வீடு எரியுதுங்க’ என்றாள். அதற்குள் பாதி வீடு போய்விட்டது, முதலில் தனியாக அணைக்கப் பார்த்த அவளுடைய வலக்கை முழங்கை வரை வெந்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு அவளை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்கள்.

“வீடு எரிஞ்சுச்சு, ஆனா ஒழுங்கு எரியல” என்று பாஸ்டர் அதே மென்மையான குரலில் சொன்னபோது சபை கைதட்டியது. இந்திரகுமாரும் தட்டினான். பெண்கள் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான். அனுஷியாவின் கைகள் மடியிலேயே இருந்தன, முகம் செத்துப் போயிருந்தது. அன்றைக்கே வெளியே வந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது.

வைகாசியில் அனுஷியாவின் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தோட்டத்து மருத்துவிச்சி தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். கிளினிக்குக்குப் போனார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே அறுத்துப் பார்க்க ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்தார்கள். அந்த நாளை விட்டால் அடுத்த நாள் கிடைக்க இரண்டரை மாதமாகும், அவ்வளவு நாள் இதை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று டொக்டர் சிங்களத்தில் ஒரு தடவையும் உடைந்த தமிழில் ஒரு தடவையும் சொன்னார்.

ஊரில் எத்தனையோ சாவை முன்னின்று நடத்தியவள் அனுஷியா. ஆனால் இதற்கு அவள் நடுங்கினாள். அவளுடைய அம்மா வேலம்மா இதே மாதிரி ஒரு கட்டியோடு அதே ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்ப் பெட்டியில் திரும்பி வந்தவள். அன்றைக்குச் சாயங்காலம் அனுஷியா அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

“என்னங்க, எனக்குக் காலு வரல. நீங்க ‘போ’ன்னு சொல்லுங்க. இது கொப்பிக்கு இல்ல. எனக்காகச் சொல்லுங்க. நீங்க சொன்னா போயிருவேன்.”

“போ புள்ள” என்றான் அவன் உடனே. “நானும் வாறேன்.”

பழக்க தோஷத்தில் கொப்பியிலும் எழுதினார்கள். பிழை அங்கேதான் நடந்தது. சுளகைக் கீழே வைத்துவிட்டு அவளே எழுதினாள், அவனே கையெழுத்துப் போட்டான், ஞாயிற்றுக்கிழமை அவனே வரிசையில் நின்று அதை ஒப்பித்தான். வேறெந்தக் குடும்பமாவது இதைச் சபையிடம் சொல்லாமல் விட்டிருக்கும். முழுப் பேர் வாங்கிப் பழகிய குடும்பத்துக்கு அது தோன்றவில்லை.

நல்லையா பேனாவை மூடினார்.

“இது சரீரக் கட்டளை. லேசுல பதிய ஏலாது. விசாரிக்கணும்.”

விசாரணை பாஸ்டரின் அறையில் நடந்தது. பாஸ்டர், நல்லையா, எதிரே இந்திரகுமார். அனுஷியா கதவுக்கு வெளியே நாற்காலியில் இருந்தாள். உடம்பைப் பற்றித் தலைகள் பேசும்போது உடம்பு உள்ளே இருக்க வேண்டியதில்லை என்று நல்லையா சொல்லியிருந்தார்.

“இந்தக் கட்டளை எங்க பொறந்துச்சு?” என்றார் நல்லையா.

“வெளங்கலீங்க ஐயா.”

“ஒங்க மனசுல பொறந்துச்சா, அவங்க மனசுல பொறந்துச்சா?”

குடியை விட்டதிலிருந்து, நேராகக் கேட்டால் இந்திரகுமாருக்குப் பொய் வருவதில்லை. குடிகாரனாக இருந்த காலத்தில் எவ்வளவோ சொல்லியிருக்கிறான். இப்போது ஒன்று வந்திருந்தால் எவ்வளவு நல்லதாக இருந்திருக்கும்.

“அவதாங்க சொன்னா, ‘போ’ன்னு சொல்லச் சொல்லி. அப்புறம் நான் சொன்னேன்.”

நல்லையா மெதுவாகப் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் மெதுவாகக் கண்ணை மூடினார்.

“இதுக்கு முந்தின கட்டளைங்க?”

“அதுவும் அவதாங்க.”

“எல்லாமா? கூரைத் தகரம்?”

“அதுவுந்தான்.”

“பதினாலு மாசம்” என்றார் நல்லையா. அவர் குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. “பதினாலு மாசமா ஒரு பொம்பளைக்கு நான் முழுப் பேர் போட்டிருக்கேன்.”

பாஸ்டர் எழுந்து வந்து இந்திரகுமாரின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு லயத்து அறையில் பிடித்த அதே கையைப் பிடித்துக்கொண்டார்.

“பிரதர், பயப்படாதீங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னு சொல்லவே மாட்டேன். சபை வைத்தியத்துக்கு எதிரி இல்ல. நாளைக்கு யாராவது கேட்டா நீங்களும் அப்படித்தான் சொல்லணும். பிரச்சன ஆஸ்பத்திரி இல்ல, பிரச்சன தலை. அவங்க விரும்புறத நீங்க சொன்னா அதுக்குப் பேரு கட்டளை இல்ல, எதிரொலி. ஒங்களுக்குத் தலை இருக்கா இல்லயான்னு ஒங்களுக்கே தெரிய வேணாமா? அவங்க கேக்காத ஒன்ன, அவங்க எதிர்பார்க்காத ஒன்ன, ஞாயித்துக்கெழம பிரட்டுல நீங்களா சொல்லுங்க. என்னன்னு நான் சொல்லித் தர மாட்டேன். சொல்லித் தந்தா அது ஒங்களுது இல்லியே.”

“சொல்லாட்டி?” என்றான் இந்திரகுமார்.

“சொல்லாட்டி பேர வெட்டணும். பேர் இல்லாதவங்களுக்காக நாங்க ஜெபம் பண்றதில்ல. அப்புறம் நீங்க எங்க போவீங்கன்னு எனக்குத் தெரியும், ஒங்களுக்கும் தெரியும்.” கையை ஒரு அழுத்து அழுத்தினார். “அந்த மூனு நாள நான் மறக்கல பிரதர்.”

அந்த வாரம் முழுவதும் இந்திரகுமார் ஒரு கட்டளையைத் தேடி அலைந்தான். ஏலச் செடிக்கு முன்னால் நின்று மிளகு வசனத்தைச் சொன்னான். ‘வேலையை விடு’ என்று சொல்லலாம் என்று நினைத்தான். அவளே அதை விடத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘உன் தங்கச்சியோடு பேசாதே’ என்று நினைத்தான்; அவர்களுக்குள் இப்போது சண்டை, பேச்சே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் அங்கே முதலில் போய் நின்றாள். பதினேழு வருஷம் ஒரு பெண்ணோடு குடித்தனம் பண்ணியவனுக்கு அவள் விரும்பாத ஒன்றைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. பாஸ்டருக்கும் அது தெரிந்திருக்கும்.

ஆனால் அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு ஒரு யோசனை இருந்தது, அவன் வாழ்க்கையிலேயே அவனாக யோசித்த ஒரே யோசனை. பிரட்டில் வாயால் சொல்லிவிடலாம். பேர் தப்பிக்கும். செவ்வாய்க்கிழமை அனுஷியா எப்படியும் கிளம்பிவிடுவாள். அவன் சொல்லி எதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்? அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது சொல்லாமலே அவளுக்குப் புரியும், எல்லாமே அவளுக்குப் புரிந்துதானே இருக்கிறது. அதனால் அவன் அவளிடம் முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது அவள் மனதில் போய், அங்கேதான் பிறந்தது என்றாகிவிடுமோ என்ற பயமும் இருந்தது.

ஞாயிறு பிரட்டில் நல்லையா அவன் பேரைக் கடைசியாகக் கூப்பிட்டார். அனுஷியாவை எழுந்து எதிரே நிற்கச் சொன்னார்கள். இந்திரகுமார் அவளுடைய காலைப் பார்த்தபடி சொன்னான்.

“செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போகாத.”

மேல்மாடியில் எழுபது பேர் மூச்சை இழுத்தார்கள். அனுஷியா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவன் பார்க்கவில்லை, அவன்தான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தானே. பிறகு அவள் சபை சொல்லிக் கொடுத்த வார்த்தையைச் சொன்னாள்.

“கீழ்ப்படிகிறேன்.”

கைதட்டல் கீழே இரும்புக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். நல்லையா அழுதுகொண்டே முழுப் பேர் போட்டார். துஷாரா மட்டும் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

பஸ்ஸில் அனுஷியா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். பேசவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று அவன் நினைத்தான். கோபம் நல்லது, கோபம் வந்தால் எதிர்த்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டான். திங்கட்கிழமையும் அவள் பேசவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை முடித்து வழக்கத்தைவிட நேரத்தோடு படுத்து, நன்றாகத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு, சொல்லி வைத்த ஆட்டோ லயத்து வாசலில் வந்து நின்றது. இந்திரகுமார் வேலைக்கு லீவு போட்டு, சேர்ட் மாட்டி, கிளினிக் அட்டையைப் பையில் வைத்துத் தயாராக இருந்தான். பதினாறு வயது மகள் தர்ஷிகா அம்மாவின் மாற்றுடுப்பை எடுத்து வைத்திருந்தாள். அனுஷியா வீட்டுச் சட்டையோடு அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“கெளம்பலியா?”

“எங்க?”

“என்ன எங்க? ஆஸ்பத்திரிக்கு.”

“போகாதன்னு சொன்னீங்களே.”

“அது சபைக்குச் சொன்னது புள்ள.”

“என்னய எழுப்பி நிக்க வச்சுத்தானே சொன்னீங்க.”

அவளுடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குக் கிலியூட்டியது. அவள் திரும்பி உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகப் பேசினாள்.

“கேளுங்க. எனக்கு மொதல்லருந்தே பயந்தான். அம்மா திரும்பி வந்த பெட்டிதான் கண்ணுல நிக்குது. நீங்க ‘போ’ன்னு சொன்னப்ப போகணும்னு இருந்தேன். அப்புறம் எல்லார் முன்னாடியும் நின்னு போகாதன்னு சொன்னீங்க. கேட்டதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டு நாளாத்தான் தூங்குறேன்.”

“அம்மா” என்றாள் தர்ஷிகா, “அப்பாவ இப்ப போன்னு சொல்லச் சொல்றேன். சொல்லுங்கப்பா. சத்தமாச் சொல்லுங்க.”

“போ!” என்று கத்தினான் இந்திரகுமார். அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. “எந்திரி, போ! நான் சொல்றேன்.”

அனுஷியா லேசாகச் சிரித்தாள்.

“மக சொல்லிக் குடுத்துச் சொல்றீங்க. பதினேழு வருசமா நான் சொல்லிக் குடுத்துச் சொன்னீங்க. நீங்களா ஒன்னே ஒன்னுதான் சொல்லியிருக்கீங்க. அதயும் நான் கேக்காட்டி, அப்புறம் என்னங்க குடும்பம்?”

இந்திரகுமார் வாசலுக்கு வந்து பாஸ்டருக்குப் போன் எடுத்தான். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

“பாஸ்டர், அந்தக் கட்டளைய வாபஸ் வாங்கணும். அவ நெசமாவே போக மாட்டேங்கிறா.”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றது மென்மையான குரல். “பாத்தீங்களா பிரதர்? ஒரே ஒரு வார்த்த. எப்படி வேலை செஞ்சிருக்கு பாத்தீங்களா?”

“பாஸ்டர், நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போயிருவா. நீங்க சொன்னாக் கேப்பா.”

“நான் எப்படி பிரதர் ஒங்களுக்கும் ஒங்க மனைவிக்கும் நடுவுல வர்றது? அது ஒழுங்கில்ல. தலை சொன்னத தலை மாத்தினா ஒடம்பு எத நம்பும்? வேணும்னா வர்ற பிரட்டுல விண்ணப்பம் போடுங்க, மூப்பர் பாப்பாரு.”

போனுக்குள் அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் சிங்களத்தில் இலக்கம் கூப்பிடுவது கேட்டது.

“எங்க இருக்கீங்க பாஸ்டர்?”

“கண்டியில, ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி. எங்க வீட்டுக்காரம்மா கிருஷாந்தினி சிஸ்டருக்கு வருசா வருசம் எல்லாச் செக்கப்பும் பண்ணிரணும். விடியக் காலையிலயே என்னய எழுப்பி ஆட்டோவுல ஏத்திட்டாங்க. அவங்க சொன்னாச் சொன்னதுதான்.” சிரித்தார். “சரி பிரதர், எங்க நம்பரக் கூப்பிட்டாங்க. அனுஷியா சிஸ்டர ஸ்பீக்கர்ல போடுங்க, ஒரு நிமிசம் பாராட்டிட்டு வச்சிர்றேன்.”

இந்திரகுமார் போனைக் காதிலிருந்து எடுத்தான். வாசலில் ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“போறதா, இல்லியா அண்ணே?”

பதினேழு வருஷப் பழக்கத்தில் இந்திரகுமார் பதிலுக்காக மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் என்ன சொல்லப் போகிறான் என்று. தர்ஷிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அனுஷியா அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். இந்திரகுமார் வாயைத் திறந்தான். எத்தனையோ பேர் எழுதிக் கொடுத்த வார்த்தைகள் அவன் வாய் வழியாகப் போயிருக்கின்றன. இப்போது ஒன்றும் வரவில்லை.

ஆட்டோ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு சவாரிக்குப் போனது. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அனுஷியா எழுந்து அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

பெரியாஸ்பத்திரியில் எட்டு மணிக்குப் பேர் கூப்பிட ஆரம்பிப்பார்கள். ஒரு பேரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். அதற்கு மேல் கூப்பிட மாட்டார்கள்.